இரு பலூன்களுக்கு இடையே: கலப்பு உயரக் கணிப்பின் வரலாறும் அதன் விளைவுகளும்

ஆய்வுச் சுருக்கம்

உலகெங்கும் வானிலை பலூன்கள் பெரும்பாலும் ஒருங்குலக நேரம் 00 மணிக்கும் 12 மணிக்கும் உரிய அளவீடுகளுக்காகவே ஏவப்படுகின்றன. அவ்விரு ஏவல்களுக்கு இடைப்பட்ட பன்னிரண்டு மணி நேரத்தில், தரையை ஒட்டிய ஒன்றிரண்டு கிலோமீட்டர் வளிமண்டலம் அடையும் மாற்றங்கள் பலூன் அளவீட்டில் பதிவாவதில்லை. காற்று மாசு எவ்வளவு உயரம் வரை பரவிக் கலக்கும் என்பதைக் காட்டும் ‘கலப்பு உயரம்’ இவ்விடைவெளியில்தான் மிகுதியாக மாறுகிறது. அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1960களில் ஜார்ஜ் ஹோல்ஸ்வொர்த் வகுத்த எளிய வரைபட முறை இவ்விடைவெளியை நிரப்பியது. நீண்டகாலச் சராசரிகளுக்காக உருவான அம்முறை, பின்னர் மணிக்கு மணி மதிப்புகளைத் தரும் ஒழுங்குமுறைக் கருவியின் அடித்தளமாக மாறியது. அம்மாற்றத்தின் படிநிலைகளையும், அதனால் எந்த மணி நேரங்களின் நிலை கணக்கில் பிழையாகப் பதிந்தது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ரேடியோசோன்டு, கலப்பு உயரம், வெப்பத் தலைகீழ் அடுக்கு, காற்று மாசு, ஹோல்ஸ்வொர்த் முறை, எல்லை அடுக்கு.

முன்னுரை

ஒரு புகைபோக்கியிலிருந்து வெளியேறும் புகை எவ்வளவு நீர்த்துப்போகும் என்பதை இரண்டு அளவுகள் முதன்மையாகத் தீர்மானிக்கின்றன. ஒன்று காற்றின் வேகம்; மற்றொன்று புகை மேல்நோக்கிக் கலக்கக்கூடிய உயரம். காற்றின் வேகத்தைத் தரையில் நிறுத்திய கருவியால் ஒவ்வொரு மணியும் அளக்கலாம். கலப்பு உயரத்தை அவ்வாறு தரையிலுள்ள வெப்பமானியாலோ காற்றுமானியாலோ நேரடியாக அளக்க இயலாது. வெப்பநிலை உயரத்துடன் எவ்வாறு மாறுகிறது என்பதை அறிய வேண்டும். அதற்குப் பலூனில் கட்டி அனுப்பப்படும் ரேடியோசோன்டு என்னும் சிறு கருவியே நெடுங்காலம் முதன்மையான வழியாக இருந்தது.

பலூன் ஏறுவது நாளுக்கு இருமுறை மட்டுமே. கலப்பு உயரமோ ஒரே நாளில் நூறு மீட்டருக்குக் குறைவான நிலையிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டர் வரை வளர்ந்து, கதிரவன் மறைந்தபின் மீண்டும் சுருங்குகிறது. ஆதலால் இரு ஏவல்களுக்கு இடையே நடப்பதை ஏதேனும் ஒரு கணிப்பைக் கொண்டே நிரப்ப வேண்டியிருந்தது. அக்கணிப்பு எங்கிருந்து வந்தது, எதற்காக உருவானது, பின்னர் எதற்காகப் பயன்பட்டது ஆகிய மூன்று வினாக்களுக்கும் ஒரே விடை இல்லை. இக்கட்டுரையின் கருத்து அவ்வேறுபாட்டிலிருந்தே எழுகிறது.

1. ஏவல் நேரங்கள் அமைந்த விதம்

மேல்வளிமண்டலத்தை அளக்கும் முயற்சி பட்டங்களிலும் ஆளில்லாப் பலூன்களிலும் தொடங்கியது. பிரான்சின் டெஸரான் த போர் 1902ஆம் ஆண்டில் அடுக்குமண்டலம் குறித்த தம் முடிவை வெளியிட்டது இத்தகைய பலூன்களின் துணையாலேயே. எனினும் அக்கருவிகள் கீழே விழுந்து கண்டெடுக்கப்பட்ட பிறகுதான் அவற்றின் பதிவைப் படிக்க முடிந்தது. அன்றாட வானிலைப் பணிக்கு அது உதவவில்லை. 1930களில் அமெரிக்காவில் விமானங்கள் அதிகாலையில் கருவிகளைச் சுமந்து ஏறி அளவீடுகளைக் கொண்டுவந்தன. மேகமும் புயலும் உள்ள நாள்களில், அதாவது அளவீடு மிகவும் தேவைப்பட்ட நாள்களில், விமானம் ஏற இயலவில்லை.

வானொலி அலை வழியாகத் தன் அளவீட்டை உடனுக்குடன் அனுப்பும் கருவியே இச்சிக்கலைத் தீர்த்தது. பிரான்சில் ரொபேர் பியூரோ 1929இலும், சோவியத் நாட்டில் பாவெல் மோல்சனோவ் 1930 சனவரி 30 அன்று பாவ்லோவ்ஸ்க்கிலும் இத்தகைய கருவிகளைப் பறக்கவிட்டனர். 1930களின் இறுதியில் அமெரிக்க வானிலைப் பணியகம் விமான அளவீடுகளைக் கைவிட்டு ரேடியோசோன்டு வலைப்பின்னலுக்கு மாறியது.

இவ்வலைப்பின்னலின் நோக்கம் ஒரே வேளையில் வளிமண்டலம் முழுவதையும் படம்பிடிப்பது. அதற்கு எல்லா நிலையங்களும் ஒரே நேரத்தில் பலூனை ஏவ வேண்டும். 1957 வரை அமெரிக்காவில் அந்நேரங்கள் ஒருங்குலக நேரம் 03 மணியும் 15 மணியுமாக இருந்தன. உலக நிலவியற்பியல் ஆண்டு தொடங்கிய அவ்வாண்டில் அவை 00 மணிக்கும் 12 மணிக்கும் மாற்றப்பட்டன. இன்றும் அவையே நடைமுறையில் உள்ளன.

உலக வரைபடத்திற்கு இவ்வொற்றுமை இன்றியமையாதது. ஆனால் தரையை ஒட்டிய காற்று உலக நேரத்தைப் பின்பற்றுவதில்லை. அந்தந்த ஊரின் கதிரவனையே பின்பற்றுகிறது. ஒருங்குலக நேரம் 12 மணி என்பது இங்கிலாந்தில் நண்பகல். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் காலை 7 மணி. மேற்குக் கரையில் விடியலுக்கு முந்தைய 4 மணி. இந்தியாவில் மாலை 5.30 மணி. 00 மணி என்பது ஜப்பானில் காலை 9 மணி. இந்தியாவில் காலை 5.30 மணி. ஆகவே பலூன் எந்த மணியின் காற்றைக் காண்கிறது, எந்த மணியைக் காணாமல் விடுகிறது என்பதை நாடுகளின் தீர்க்கரேகையே முடிவுசெய்தது. இங்கிலாந்தின் பலூன் நண்பகல் காற்றைக் காண்கிறது. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியிலும் இந்தியாவிலும் பலூன்கள் நாளின் இரு விளிம்புகளிலேயே ஏறுகின்றன. இடைப்பட்ட பகற்பொழுது முழுவதும் அவற்றின் பார்வைக்கு வெளியே நிற்கிறது.

2. காணப்படாத மணிகளில் நேர்ந்தவை

இவ்விடைவெளியில் நடப்பது உயிரோடு தொடர்புடையது என்பதற்கு இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி மூன்று சான்றுகளைத் தருகிறது.

முதலாவது, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலுள்ள டிரெயில் உருக்காலை வழக்கு. அவ்வாலையின் கந்தக டை ஆக்சைடு கொலம்பியா ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக எல்லையைக் கடந்து, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில விளைநிலங்களுக்குச் சேதம் விளைவித்தது. இரு நாடுகளும் அமைத்த நடுவர் மன்றம் 1941 மார்ச் 11 அன்று இறுதித் தீர்ப்பு வழங்கியது. இவ்வழக்கிற்காக நடந்த ஆய்வுகளில் ஒரு வியப்பான உண்மை வெளிப்பட்டது. பள்ளத்தாக்கின் வெவ்வேறு தொலைவுகளில் வைத்த பதிவுக்கருவிகள் காலை வேளையில் ஏறத்தாழ ஒரே நேரத்தில் மாசின் உச்சத்தைக் காட்டின. ஆலையிலிருந்து புகை நகர்ந்து வந்திருந்தால் அருகிலுள்ள கருவி முன்னும் தொலைவிலுள்ள கருவி பின்னும் காட்டியிருக்க வேண்டும். இரவெல்லாம் மேலே ஓர் அடுக்காகப் பள்ளத்தாக்கு நெடுகப் பரவிக் கிடந்த புகை, கதிரவன் எழுந்து தரை சூடேறிக் காற்று கலக்கத் தொடங்கியதும், எல்லா இடங்களிலும் ஒரே வேளையில் தரைக்கு இறங்கியதே காரணம். வென்டல் ஹியூசன் முதலிய வானிலையியலாளர்கள் இந்நிகழ்வைப் ‘புகை இறக்கம்’ என்னும் பொருள்படும் தனி வகையாக விளக்கினர்.

இரண்டாவது, பென்சில்வேனியாவின் டொனோரா நகரம். மனோங்கஹீலா ஆற்றின் வளைவில், துத்தநாக ஆலையும் எஃகு ஆலையும் அமைந்த சிற்றூர் அது. 1948 அக்டோபர் இறுதியில் வெப்பத் தலைகீழ் அடுக்கு ஒன்று பள்ளத்தாக்கின்மேல் மூடிபோல் நின்றது. வழக்கமாக மேலே செல்லச் செல்லக் காற்று குளிரும். தலைகீழ் அடுக்கில் மேலே செல்லச் செல்லச் சூடாகும். கீழேயுள்ள குளிர்ந்த கனத்த காற்று அதை ஊடுருவி எழ இயலாது. சில நாள்களில் 20 பேர் இறந்தனர். ஏறத்தாழ 14,000 பேர் வாழ்ந்த பகுதியில் 6,000 பேர் அளவில் நோயுற்றனர். அக்டோபர் 31 அன்று மழை வந்தபோதே புகைமூட்டம் விலகியது.

மூன்றாவது, 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை இலண்டனைச் சூழ்ந்த புகைமூட்டம். அதன் விளைவாக ஏறத்தாழ 4,000 பேர் இறந்ததாக அக்காலத்தில் மதிப்பிடப்பட்டது. பிற்கால ஆய்வுகள் அவ்வெண்ணிக்கையை 12,000 வரை உயர்த்தின.

இம்மூன்றிலிருந்தும் பெறப்படும் பாடம் ஒன்றே. ஆலை வெளியிடும் மாசின் அளவு மாறாமல் இருக்கும்போதே, கலப்பு உயரம் தாழ்ந்தால் தரையில் அதன் செறிவு பன்மடங்காகும். டிரெயில் வழக்கு மேலும் ஒன்றைக் கற்பித்தது: மூடி உடையும் அந்தக் காலை மணியே சில வேளைகளில் மிகவும் தீங்கானது. அம்மணி எப்போது வரும் என்பதை அறிவதே கலப்பு உயரக் கணிப்பின் உண்மையான சோதனை.

3. ஒரு கோட்டின் வடிவியல்

கணிப்பிற்கான கருவி வேறொரு தேவைக்காக ஏற்கெனவே உருவாகியிருந்தது. நேப்பியர் ஷா வடிவமைத்த டெபிகிராம் என்னும் வெப்ப வரைபடத்தைக் கொண்டு, பிரிட்டனின் எர்னஸ்ட் கோல்ட் 1933இல் நாளின் உச்ச வெப்பநிலையை முன்னறியும் முறையை வெளியிட்டார். காலைப் பலூன் காட்டிய வெப்பநிலைக் கோட்டிற்கும், பகலில் கலந்த காற்று அடையும் கோட்டிற்கும் இடையேயுள்ள பரப்பு, தரை காற்றுக்கு அளித்த வெப்பத்தைக் குறிக்கும். அவ்வெப்பம் எவ்வளவு என மதிப்பிட்டால் உச்ச வெப்பநிலை கிடைக்கும் என்பது அவர் வாதம்.

இதே வடிவத்தைத் திருப்பிப் போட்டால் மற்றொரு விடை கிடைக்கும். உச்ச வெப்பநிலை தரையிலேயே அளக்கப்படுகிறது. அதிலிருந்து கலப்பு உயரத்தைக் காணலாம். நன்கு கலந்த வறண்ட காற்று ஒவ்வொரு கிலோமீட்டர் உயரத்திற்கும் ஏறத்தாழ 9.8 டிகிரி செல்சியஸ் குளிரும். தரையின் உச்ச வெப்பநிலையிலிருந்து அச்சரிவில் ஒரு கோட்டை மேல்நோக்கி இழுத்தால், அது காலைப் பலூனின் கோட்டை எங்கே வெட்டுகிறதோ அங்கே கலப்பு முடிகிறது. அதற்கு மேலே சுற்றியுள்ள காற்று எழுந்து வரும் காற்றைவிடச் சூடானது. எனவே எழுச்சி அங்கே நின்றுவிடும்.

அமெரிக்காவில் 1960இல் கிழக்குப் பகுதிக்கும் 1963இல் நாடு முழுமைக்கும் காற்று மாசு வாய்ப்பு குறித்த முன்னறிவிப்புகள் தொடங்கின. ஒவ்வோர் இடத்தின் இயல்பான கலப்பு உயரத்தை அறிய வேண்டிய தேவை அப்போது எழுந்தது. ஹோல்ஸ்வொர்த் 1964இல் நாடு முழுவதற்குமான உச்சக் கலப்பு ஆழங்களின் சராசரியை வெளியிட்டார். 1972இல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வெளியிட்ட அவருடைய பெருந்தொகுப்பு 62 நிலையங்களின் ஐந்தாண்டுப் பலூன் அளவீடுகளை அடிப்படையாகக் கொண்டது. அதில் ஒவ்வொரு நாளுக்கும் காலை, பிற்பகல் என இரு மதிப்புகள் கணிக்கப்பட்டன. இரண்டும் ஒருங்குலக நேரம் 12 மணிப் பலூனிலிருந்தே பெறப்பட்டன. பிற்பகலுக்கு உச்ச வெப்பநிலை பயன்பட்டது. காலைக்குக் குறைந்தபட்ச வெப்பநிலையுடன் 5 டிகிரி கூட்டப்பட்டது. பலூன் நிலையங்கள் பெரும்பாலும் நகருக்கு வெளியே இருந்ததாலும், நகரம் இரவில் புறநகரைவிட வெப்பமாக இருப்பதாலும், விடிந்தபின் ஏற்படும் தொடக்க வெப்பத்தைக் கணக்கில் கொள்ளவும் இக்கூட்டல் தேவைப்பட்டது.

முறையின் வலிமையும் வரம்பும் ஒரு கற்பனை எடுத்துக்காட்டால் விளங்கும். ஒரு காலைப் பலூன் தரையில் 22 டிகிரியும் 300 மீட்டர் உயரத்தில் 25 டிகிரியும் காட்டுகிறது எனக் கொள்வோம். அதற்கு மேல் வெப்பநிலை கிலோமீட்டருக்கு 6 டிகிரி வீதம் குறைகிறது. அன்றைய உச்ச வெப்பநிலை 33 டிகிரி எனில், கோடுகள் ஏறத்தாழ 1,630 மீட்டரில் வெட்டுகின்றன. உச்ச வெப்பநிலை 31 டிகிரி மட்டுமே எனில் அவை 1,100 மீட்டரில் வெட்டும். வெப்பநிலையில் 2 டிகிரி வேறுபாடு, உயரத்தில் 500 மீட்டருக்கு மேற்பட்ட வேறுபாட்டைத் தருகிறது. காலையிலிருந்து பிற்பகல் வரை மேற்காற்று மாறவில்லை என்ற ஊகமும் இதில் உள்ளடங்கியிருக்கிறது. வேற்றிடக் காற்று புகுந்தாலோ, மேலிருந்து காற்று தாழ்ந்து சூடேறினாலோ அவ்வூகம் தகர்ந்துவிடும்.

எனினும் ஐந்தாண்டுகளின் பருவச் சராசரியைக் காண விழைவோர்க்கு இக்குறைகள் பெரிதல்ல. ஒருநாள் மிகையும் மறுநாள் குறையும் பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுசெய்யும். எந்த வட்டாரத்தில் காற்று அடிக்கடி தேங்கும், எங்கே எளிதில் கலையும் என்பதைக் காட்ட இம்முறை போதுமானதாக இருந்தது. அதன் நோக்கமும் அதுவே.

4. சராசரியிலிருந்து மணிக்கணக்கிற்கு

1970ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டத் திருத்தம் சூழலை மாற்றியது. புதிய ஆலை ஒன்று அனுமதி பெற வேண்டுமானால், அதன் புகை சுற்றுப்புறத்தில் எவ்வளவு செறிவை ஏற்படுத்தும் என்பதைக் கணினி மாதிரியால் காட்ட வேண்டியிருந்தது. சட்ட வரம்புகள் சில மூன்று மணி, இருபத்துநான்கு மணி என்னும் குறுகிய கால அளவுகளுக்கு உரியவை. எனவே மாதிரிக்கு ஓர் ஆண்டின் 8,760 மணிகளுக்கும் தனித்தனியே கலப்பு உயரம் தேவைப்பட்டது. கையிருப்பில் இருந்தவையோ ஒரு நாளுக்கு இரண்டு மதிப்புகள் மட்டுமே.

ராம்மெட் எனப்பட்ட முன்செயலி நிரல் இவ்வேறுபாட்டை இணைத்தது. அதன் விதி எளியது. நாட்டுப்புறப் பகுதியில் அமைதியான இரவுக்குப்பின், கலப்பு உயரம் கதிரவன் எழும்போது சுழியத்திலிருந்து தொடங்கி, பிற்பகல் 2 மணிக்கு அன்றைய உச்சத்தை அடையுமாறு ஒரு நேர்க்கோடு இழுக்கப்பட்டது. அதன்பின் கதிரவன் மறையும்வரை அவ்வுயரம் மாறாமல் வைக்கப்பட்டது. நகர்ப்புறத்தில் கோடு ஹோல்ஸ்வொர்த்தின் காலை மதிப்பிலிருந்து தொடங்கியது. இதன் வெளியீடு அனுமதிக் கணக்குகளில் பரவலாகப் பயன்பட்ட தொழிற்சாலை மாசு மாதிரிக்கு உள்ளீடாயிற்று.

மேற்கூறிய எடுத்துக்காட்டை மீண்டும் எடுத்துக்கொண்டால் இந்நேர்க்கோட்டின் சிக்கல் புலப்படும். தரை 22 டிகிரியிலிருந்து 28 டிகிரியை எட்டும்வரை கலப்பு 300 மீட்டர் தடிப்புள்ள தலைகீழ் அடுக்குக்குள்ளேயே சிறைப்பட்டிருக்கும். அக்கட்டத்தில் ஒவ்வொரு டிகிரி உயர்வும் கலப்பு உயரத்தை ஏறத்தாழ 50 மீட்டர் மட்டுமே உயர்த்தும். அடுக்கு உடைந்தபின் ஒவ்வொரு டிகிரியும் 260 மீட்டருக்கு மேல் உயர்த்தும். அதாவது வளர்ச்சி முதலில் மெதுவாகவும், பின்னர் திடீரென விரைவாகவும் நிகழ்கிறது. நேர்க்கோடு இதை அறியாது. கதிரவன் 6 மணிக்கு எழுந்து, தரை 10 மணிக்கு 28 டிகிரியை எட்டியது எனக் கொண்டால், அவ்வேளையில் உண்மை உயரம் 300 மீட்டர். நேர்க்கோடு காட்டும் உயரமோ 800 மீட்டருக்கு மேல்.

இவ்வேறுபாட்டின் விளைவு இருவகைப்பட்டது. சாலைப் போக்குவரத்து, அடுப்புகள், தாழ்ந்த புகைபோக்கிகள் ஆகியவற்றின் மாசு, கணக்கில் இரண்டரை மடங்குக்கும் மேலான உயரத்தில் கலந்துவிட்டதாகப் பதிகிறது. ஆனால் மக்கள் பணிக்கும் பள்ளிக்கும் செல்லும் அவ்வேளையில் காற்றில் அது இன்னும் தாழ்வாகவே தேங்கி நிற்கிறது. உயரமான புகைபோக்கியின் நிலை வேறு. அம்மாதிரியின் விதிப்படி, புகை கலப்பு உயரத்திற்கு மேலே சென்றால் தரையில் அதன் செறிவு சுழியம். கீழே இருந்தால் அது மூடிக்குள் அகப்பட்டுத் தரைக்கு வரும். ஆகவே ஒரு மணியின் கலப்பு உயரம் புகையின் உயரத்தைக் கடந்ததா இல்லையா என்பதே விடை முழுவதையும் தீர்மானிக்கும். 400 மீட்டர் உயரத்தில் பரவும் புகையை நேர்க்கோடு காலை 8 மணிக்கே மூடிக்குள் கொண்டுவந்துவிடும். மூடி உடைந்து அது உண்மையில் கலப்பது 10 மணிக்குப் பின். காற்றின் திசை அவ்விரு மணிகளுக்குள் மாறியிருந்தால், கணக்கில் ஓர் ஊரும் காற்றில் மற்றோர் ஊரும் அம்மாசைப் பெறும்.

டிரெயில் ஆய்வு 1940களிலேயே சுட்டிக்காட்டிய காலை மணி, 1970களின் கணக்கு முறையில் நேர்க்கோட்டின் நடுவே மறைந்துபோனது. இதை ஹோல்ஸ்வொர்த்தின் பிழையெனக் கூற இயலாது. அவர் தந்தது காலநிலைத் தொகுப்பு. மணிக்கு மணி எண்கள் வேண்டும் என்பது ஒழுங்குமுறையின் தேவை. அத்தேவை கிடைத்த கருவியை அதன் எல்லைக்கு அப்பால் கொண்டுசென்றது. மேலும், கணிக்கப்பட்ட 8,760 எண்களும் தரையில் அளக்கப்பட்ட காற்று வேகம், வெப்பநிலை ஆகியவற்றுடன் ஒரே கோப்பில், ஒரே வடிவில் நின்றன. கோப்பைப் படிப்பவருக்கு எது அளவீடு, எது இடைக்கணிப்பு என வேறுபடுத்தும் குறி ஏதுமில்லை.

5. இடைவெளியை நேரில் கண்ட ஆய்வுகள்

அதே காலத்தில் இடைவெளியை ஊகத்தால் அன்றி அளவீட்டால் நிரப்பும் முயற்சிகளும் நடந்தன. அவற்றுள் தலையானது 1967 சூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ஹே என்னும் ஊரருகே நடந்த வாங்கரா ஆய்வு. சமவெளியான அந்நிலத்தில் 44 நாள்கள் ஆய்வு நீடித்தது. மூன்று மணிக்கு ஒருமுறை ரேடியோசோன்டு அளவீடுகள் எடுக்கப்பட்டன. தெளிந்த வானம் கொண்ட அதன் 33ஆம் நாள், ஆகஸ்ட் 16, எல்லை அடுக்கு ஆய்வில் புகழ்பெற்ற நாளாயிற்று. ஜேம்ஸ் டியர்டார்ஃப் 1974இல் அந்நாளைக் கணினியில் முப்பரிமாணமாக மீட்டுருவாக்கினார். பின்வந்த பல மாதிரிகளும் அந்நாளைக் கொண்டே சோதிக்கப்பட்டன.

ஆஸ்திரேலியாவிலேயே மெக்அலிஸ்டர் 1960களின் இறுதியில் ஒலியலை எதிரொலியால் தாழ்வளிமண்டலத்தைத் தொடர்ந்து காணும் கருவியை அறிமுகப்படுத்தினார். தலைகீழ் அடுக்கு காலையில் தரையைவிட்டு எழுவதையும் பின் உடைவதையும் அக்கருவியின் பதிவுத்தாள் ஒரு வளைகோடாகவே காட்டியது. இவ்வகைக் கருவிகள் விலைமிக்கவை. சில இடங்களில் மட்டுமே நிறுவப்பட்டன. எனவே அவை பலூனின் இடத்தைப் பிடிக்கவில்லை. ஆனால் கணிப்பு எவ்வாறு அமைய வேண்டும் என்பதை அவை கற்பித்தன.

கோட்பாடும் அத்திசையில் நகர்ந்தது. பால் 1960இலும் லில்லி 1968இலும், கலப்பு அடுக்கு மேலேயுள்ள சூடான காற்றைத் தனக்குள் இழுத்துக்கொண்டு வளர்கிறது என்பதைக் கணிதமாக்கினர். கார்சனும் டென்னெக்கஸும் 1973இல் அதை எளிய சமன்பாடுகளாகத் தந்தனர். காலைப் பலூனின் கோடும், தரையிலிருந்து காற்றுக்கு ஒவ்வொரு மணியும் செல்லும் வெப்பமும் தெரிந்தால், கலப்பு உயரத்தின் வளர்ச்சியை மணிக்கு மணி பின்தொடரலாம். கோல்ட் 1933இல் வரைந்த பரப்பு இங்கே மீண்டும் நுழைகிறது. இம்முறை அது நாள் முழுமைக்கான ஒரே பரப்பாக அன்றி, மணிதோறும் நிரம்பிவரும் பரப்பாகக் கருதப்படுகிறது.

6. புதிய கணக்கு, பழைய சார்பு

தரையின் வெப்பப் பாய்வை அன்றாட அளவீடுகளிலிருந்து மதிப்பிடும் முறையை ஹோல்ட்ஸ்லாக், வான் உல்டன் ஆகிய நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1983இல் வெளியிட்டனர். மேகமூட்டம், கதிரவனின் உயரம், வெப்பநிலை, காற்று வேகம் ஆகியவையே அதற்குப் போதும். இக்கூறுகளை இணைத்து, அமெரிக்க வானிலையியல் கழகமும் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் 1991இல் அமைத்த கூட்டுக்குழு ஏர்மாட் என்னும் மாதிரியை உருவாக்கியது. 2005இல் அது பழைய மாதிரிக்கு மாற்றாக அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்டது. நேர்க்கோடு நீங்கியது, மெதுவான தொடக்கமும் விரைந்த எழுச்சியும் கணக்கில் இடம்பெற்றன.

ஆயினும் அதிகாலைப் பலூனைச் சார்ந்திருக்கும் நிலை நீங்கவில்லை. கதிரவன் எழுமுன் எடுத்த வெப்பநிலைக் கோடு இல்லாவிடில் பகல் வளர்ச்சியைக் கணிக்க ஏர்மாட்டின் முன்செயலிக்கு வழியில்லை. இந்தியாவின் 5.30 மணிப் பலூன் இத்தேவைக்குப் பொருந்துகிறது. நண்பகலிலும் நள்ளிரவிலும் பலூன் ஏவும் நாடுகளில் அதே முறையை அவ்வாறே கையாள இயலாது.

2017இல் அமெரிக்க வழிகாட்டு விதிகள் வானிலை மாதிரிகளின் வெளியீட்டையும் உள்ளீடாக ஏற்றன. ஐரோப்பிய மையத்தின் ஈஆர்ஏ5 போன்ற மறுபகுப்பாய்வுகள் எல்லை அடுக்கின் உயரத்தை உலகின் எப்புள்ளிக்கும் மணிதோறும் தருகின்றன. பலூன் அளவீடு அங்கே மாதிரியைத் திருத்தும் பல உள்ளீடுகளுள் ஒன்று மட்டுமே. கணிப்பின் தரம் உயர்ந்துள்ளது. ஆனால் அளவீட்டிற்கும் கணிப்பிற்கும் இடையேயுள்ள எல்லை பயனாளரின் கண்ணுக்கு முன்னைவிடவும் மங்கலாகியுள்ளது.

7. கடற்கரை நகரங்களின் தனிச்சிக்கல்

மேற்கூறிய முறைகள் அனைத்திற்கும் பொதுவான ஊகம் ஒன்று உண்டு: காலையில் பலூன் கண்ட காற்றே பகலிலும் அவ்விடத்தின்மேல் நிற்கிறது என்பது. கடற்கரையில் இவ்வூகம் பொருந்துவதில்லை. மில்வாக்கியில் லயன்ஸ், கோல் ஆகியோர் 1973இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது. மிச்சிகன் ஏரியிலிருந்து வரும் குளிர்ந்த, நிலைப்புள்ள காற்று சூடான தரையின்மேல் நுழையும்போது, கரையிலிருந்து உள்நோக்கிச் செல்லச் செல்லத் தடிக்கும் புதிய கலப்பு அடுக்கு ஒன்று அடியில் உருவாகிறது. கரையோரப் புகைபோக்கியின் புகை அவ்வடுக்கிற்கு மேலே பயணித்து, சில கிலோமீட்டர் உள்ளே அதைச் சந்திக்கும் இடத்தில் தரைக்கு இறங்குகிறது. டிரெயிலில் காலை ஒருமணியில் நடந்தது இங்கே பகல் முழுவதும் ஓரிடத்தில் நடக்கிறது.

சென்னையும் இதே வகை நிலப்பாங்கைக் கொண்டது. பலூன் நிலையமான மீனம்பாக்கம் கரையிலிருந்து உள்தள்ளியது. அனல்மின் நிலையங்கள் எழுந்த எண்ணூர் கடலையொட்டியது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை உள்ள மணலி அதற்கு அணித்தே உள்ளது. கோடைப் பகலில் கடற்காற்று நுழைவது காலை, மாலைப் பலூன்களுக்கு இடைப்பட்ட பொழுதில். அன்றைய உச்ச வெப்பநிலை பெரும்பாலும் கடற்காற்று நுழைவதற்கு முன்பே பதிவாகிவிடும். அவ்வெப்பநிலையைக் கொண்டு இழுத்த கோடு உள்நாட்டுக்கு உரிய ஆழமான கலப்பையே காட்டும். கடற்காற்று வந்தபின் கரையோரம் நிலவும் தாழ்ந்த கலப்பைக் காட்டாது. கணக்கில் பிற்பகல் காற்று மிகத் தாராளமாக நீர்க்கிறது. கரையோரக் குடியிருப்புகளின் காற்று அவ்வாறு நீர்ப்பதில்லை. ஆலை அனுமதிக்கான தாக்க மதிப்பீட்டு அறிக்கைகளைப் படிப்போர், அதிலுள்ள கலப்பு உயரம் எந்நிலையத்தின் எந்நேரப் பலூனிலிருந்து எவ்வூகத்தால் பெறப்பட்டது என வினவ வேண்டிய காரணம் இதுவே.

முடிவுரை

பலூன்களுக்கு இடைப்பட்ட வளிமண்டலத்தைக் கணித்தலின் வரலாற்றிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன.

முதலாவது, இடைவெளி இயற்கையாக அமைந்ததன்று. உலக வரைபடத்திற்காக வகுத்த ஒரே நேர ஏவல், ஒவ்வொரு நாட்டிலும் வெவ்வேறு பொழுதை இருளில் விட்டது. இரண்டாவது, அவ்விருளை நிரப்பிய முறை தன் நோக்கத்தில் செம்மையானது; நீண்டகாலச் சராசரிக்குப் பொருந்திய கோடு மணிக்கணக்கிற்கு எடுத்துச் செல்லப்பட்டபோதே குறையுடையதாயிற்று. மூன்றாவது, அக்குறை எல்லா மணிகளிலும் சமமாகப் பரவவில்லை. மூடி உடையும் காலை மணியிலும், கடற்காற்று நுழையும் பிற்பகலிலும் அது குவிந்தது. மாசின் தீங்கு மிகும் வேளைகளும் அவையே.

நேர்க்கோட்டிலிருந்து வெப்பக் கணக்கிற்கும், அதிலிருந்து உலக மாதிரிகளுக்கும் முறைகள் வளர்ந்துள்ளன. எனினும் ஒவ்வொரு கட்டத்திலும் கணிக்கப்பட்ட எண் அளக்கப்பட்ட எண்ணின் உருவிலேயே ஆவணங்களில் இடம்பெறுகிறது. ஒரு புகைபோக்கிக்கு அனுமதி தரும் கோப்பில் அவ்வெண்ணுக்கு அருகே அதன் பிறப்பையும் குறித்துவைப்பது பெருஞ்செலவு பிடிக்கும் செயலன்று. அக்குறிப்பு இருந்தால், அந்தப் புகையின் கீழே வாழ்வோர் அக்கணக்கை வினவுவதற்கு ஓர் இடமேனும் கிடைக்கும்.